மறுவிதைப்பு

வன்னியிலே வாழ்ந்தவர்க்கு மறுவிதைப்பு என்னும் சொல்லை விளக்கவேண்டியதில்லை. காலபோகத்துக்கு விதைத்த நெல் முளைவிட்டு இரண்டிலை கண்டிருக்கும் வேளையில், மாரி கட்டுக்கடங்காது பொழிந்து வயலை மூடிவிடுவதுண்டு. வெள்ளம் வடிந்தபின் கமக்காரன் வரம்பில் நின்று பார்ப்பான். அழிந்த பயிரை எண்ணி அழுதுகொண்டிருக்க அவனுக்குப் பொழுது இல்லை. மீண்டும் விதைப்பதா, இந்தப் போகத்தை விட்டுவிடுவதா என்பதை அன்றே முடிவுசெய்தல் வேண்டும். விதைப்பது என்று துணிந்தால், முன் விதைத்த நாலுமாத நெல்லையே மறுபடியும் விதைக்கமாட்டான். எஞ்சியிருக்கும் நாளுக்கு ஏற்ற மூன்றுமாத நெல்லைத் தேடி எடுப்பான்.

பரீட்சைக்கு மறுதடவை தோற்றும் மாணாக்கரைக் காணும்போதெல்லாம் இந்தக் கமக்காரனே என் நினைவில் வந்து நிற்கின்றான்.

2024ஆம் ஆண்டு மாரி தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணாக்கர் இருவர் வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். ஒருத்தி பெண், மற்றவன் ஆண். இருவரும் சாதாரணதர வகுப்புவரை என்னிடம் தமிழ் கற்றவர்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்குச் சென்றபின் தமிழ்ப் பாடத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பு அற்றுப்போயிற்று. எனினும் ஆசிரியரை மறக்கவில்லை. அவர்களுடைய ஊரையும் பெயரையும் இங்கே சொல்லேன். வன்னியின் எந்தக் கிராமத்திலும் இத்தகைய இருவரை நீங்கள் காணலாம்.

இருவரும் பல்வைத்தியம் படிக்க விரும்பியவர்கள். 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையை 2023 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் எழுதினார்கள். பெறுபேறு செப்டெம்பரில் வந்தது, போதவில்லை. அடுத்த பரீட்சையோ 2024 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. இடையில் இருந்தவை நான்கே மாதங்கள். ஈராண்டுப் பாடத்தை நான்கு மாதத்தில் மீளப் படித்து மறுபடியும் எழுதினார்கள். இம்முறை புள்ளி உயர்ந்தது. ஆனால் பல்வைத்தியத்தின் வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கு மட்டும் இருவருக்கும் தகுதி கிடைத்திருந்தது.

“ஐயா, அங்கை பதியிறதோ, இன்னும் ஒருக்கா எழுதிறதோ எண்டு தெரியேல்லை” என்றாள் அவள். அவன் ஒன்றும் பேசாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கேள்வியின் பாரத்தை உணர்வதற்கு நம் நாட்டு விதிகளைச் சிறிது அறிதல் வேண்டும். பல்வைத்தியக் கல்விக்கென்று இங்கே தனிப் பரீட்சை இல்லை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களில் எழுதும் உயர்தரப் பரீட்சையே அதற்கும் வாயில். பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டு மாணவர் எழுதும் ‘நீட்’ என்னும் தேர்வுக்கு இத்தனை தடவைதான் என்ற எல்லை இல்லை. இங்கே பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளே கணக்கில் எடுக்கப்படும். ஓராண்டின் பெறுபேறு அவ்வாண்டின் அனுமதிக்கே உதவும். அதுவுமன்றி, ஒரு துறையிற் பதிவு செய்துகொண்டவர், பின்னர் எழுதிய பரீட்சையைக் காட்டி வேறொரு துறைக்கு விண்ணப்பிக்க விதி இடங்கொடுப்பதில்லை. ஆகவே, கையில் உள்ள இடத்தை ஏற்றால் பல்வைத்தியக் கதவு அடைபடும்; ஏற்காவிட்டால் கையில் உள்ளதும் போகும்; எஞ்சியிருப்பது ஒரே ஒரு தடவை. இருபது வயதுப் பிள்ளைகள் இருவர் சுமந்துவந்த பாரம் இது.

வெட்டுப்புள்ளி என்பது என்ன என்று பெற்றோர் பலர் என்னைக் கேட்பதுண்டு. 2001 முதல் இசட் புள்ளி என்னும் முறை கைக்கொள்ளப்படுகின்றது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வருவதை நியமவிலகல் என்னும் எண்ணால் வகுப்பர். சராசரி 40, நியமவிலகல் 15 எனக் கொள்வோம். 70 புள்ளி பெற்றவருக்கு 30ஐ 15ஆல் வகுக்க 2 வரும். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு, அவற்றின் சராசரியை நான்கு தசமதானம்வரை குறிப்பர். வினாத்தாள் கடினமாயிருந்த ஆண்டும் எளிதாயிருந்த ஆண்டும் ஒரே தராசில் நிறுக்கப்படவேண்டும் என்பதே இதன் நோக்கம். நாம் எத்தனை பெற்றோம் என்பதைவிட, மற்றவரினும் எவ்வளவு முன் நின்றோம் என்பதே இங்குக் கணக்கு.

இத்தராசும் ஒருமுறை பிசகியது. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் முதற்றடவை தோற்றியோர் புதிய பாடத்திட்டத்திலும், மறுதடவை தோற்றியோர் பழைய பாடத்திட்டத்திலும் எழுதினர். இரு சாராரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணித்தமை வழக்காயிற்று. 2012இல் உயர் நீதிமன்றம் இரு தொகுதிகளையும் வெவ்வேறாகக் கணிக்குமாறு தீர்ப்பளித்தது. மறுதடவை எழுதுவோர் தனி நியாயம் வேண்டிநிற்கும் ஒரு கூட்டத்தினர் என்பதை நாடு அன்று அறிந்துகொண்டது.

இனி, மாவட்டக் கணக்கு. மொத்த இடங்களில் 40 விழுக்காடு நாடு முழுவதற்கும் பொதுவான திறமை அடிப்படையிலும், 55 விழுக்காடு மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 விழுக்காடு கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பதினாறில் அடங்கும். இச்சலுகையைக் கேட்டவுடன், வன்னிப் பிள்ளைகளுக்கு எல்லாம் எளிது என்று நினைப்போர் உளர். சனத்தொகை சிறிதாயின் இடமும் சிறிது. நெடுங்காலம் நாட்டுக்கு ஒரே பல்வைத்திய பீடமாயிருந்தது பேராதனை. மருத்துவத்தோடு ஒப்பிட இத்துறையின் இடங்கள் மிகக் குறைவு. சிறிய மாவட்டமொன்றுக்கு வருபவை விரல்விட்டு எண்ணத்தக்கன. அந்த ஓரிடத்தை ஒரு கெட்டிக்காரர் பற்றிக்கொண்டால், அவருக்கு அடுத்து நிற்பவர் நூறில் ஒரு பங்கு குறைவால் வெளியே நிற்பார். திண்ணைக்கு வந்த இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒரே இடத்துக்குப் போட்டியிட்டவர்கள். ஒருவர் பிரதிசெய்த வினாத்தாளை மற்றவர் வாங்கிப் படித்தார் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகின்றேன்.

இத்துறையின் வாயில் நமக்கு இடுக்கமானது இன்று நேற்றன்று. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவம், பல்வைத்தியம் ஆகியவற்றுக்குச் சிங்கள மொழிமூல மாணவர் பெறவேண்டிய புள்ளி 229. தமிழ்மொழிமூல மாணவருக்கோ 250. தரப்படுத்தல் என்று நாம் இன்றும் பேசும் வரலாறு அது. 1974இல் மாவட்ட முறை வந்தது. அதனால் அந்நாளைய வவுனியா மாவட்டத்தார் சிலர் பயனடைந்தனர். கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு அப்பயனும் இல்லை. 1984இல் தனி மாவட்டமாகும்வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியிருந்தது. ஆதலால், காடு வெட்டிக் குடியேறிய கமக்காரனுடைய பிள்ளை, யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரி மாணவரோடு ஒரே வரிசையிற் போட்டியிட நேர்ந்தது.

பின்னர் போர் வந்தது. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் எம் பிள்ளைகள் ஜாம்போத்தல் விளக்கில் படித்தார்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை நடைபெற்றது. புத்தகமும் குறிப்பும் இழந்தவர்கள், உறவினரை இழந்தவர்கள், கூடாரத்திலிருந்து எழுந்துபோய் விடை எழுதினார்கள். திண்ணைக்கு வந்த இருவரும் அப்போது கைக்குழந்தைப் பருவம் கடந்த சிறுவர்கள். அவளுடைய தந்தையார் அவ்வாண்டு மீண்டுவரவில்லை. தாயார் தையல் இயந்திரம் ஒன்றால் குடும்பத்தைத் தாங்குகின்றார்.

நிற்க. அன்று மாலை நான் அவ்விருவரிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன்.

முதற் கேள்வி: “உங்களுக்கு வேண்டியது பல்வைத்தியமா, வைத்தியர் என்ற பட்டமா?” நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. மருத்துவம் கிடையாதவர்க்குக் கிடைக்கும் ஆறுதற் பரிசாகவே பல்வைத்தியத்தை எண்ணுகின்றோம். பல் என்பது அத்துணை இழிந்ததா? தொல்காப்பியர் எழுத்துக்களின் பிறப்பைச் சொல்லுமிடத்து, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டினுள் பல்லையும் வைத்தார். பல் இன்றேல் ஊண் மட்டுமன்று, சொல்லும் கெடும்.

அவள் சொன்ன விடை எதிர்பாராதது. “அம்மப்பாவுக்கு வாயிலை புண் வந்தது, ஐயா. வெற்றிலை போட்ட புண் எண்டு மாதக்கணக்கா விட்டிட்டம். பிறகு பார்த்தால் புற்றுநோய். முதலே ஒரு பல் டொக்டர் பார்த்திருந்தால் பிடிச்சிருக்கலாமாம்.” அவள் சொன்னது முற்றிலும் மெய். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னணியில் நிற்பது. வெற்றிலையோடு சேரும் புகையிலை மட்டுமன்று, பாக்கும் புற்றுநோய்க்குக் காரணம் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது. வாயில் உண்டான வெண்திட்டோ புண்ணோ இரண்டு கிழமையில் ஆறாவிடின் உடனே காட்டவேண்டும் என்பர். அதை முதலிற் காணக்கூடிய கண் பல்வைத்தியருடைய கண். விருந்தினர்க்கு வெற்றிலைத் தட்டம் நீட்டும் நம் பண்பாட்டிலே அந்தக் கண்ணுக்கு வேலை நிரம்ப உண்டு.

அவனுடைய விடையோ வேறு. சிறிது நேரம் கழித்து, “எனக்கு இரண்டும் ஒண்டுதான், ஐயா. வீட்டிலை டொக்டர் எண்டு சொல்லுகினம்” என்றான்.

இரண்டாம் கேள்வி: “சென்ற தடவை எந்த வினாவில் புள்ளி போயிற்று?” பெரும்பாலான மாணாக்கர் இதற்கு விடை சொல்லார். ‘பௌதிகம் கடினம்’ என்பார்கள். எந்த அலகு, எந்த வகை வினா, நேரம் போதாமையா, அறியாமையா என்று கேட்டால் மௌனம். இங்கே என் கதையையும் சொல்லவேண்டியுள்ளது. இளமையிற் பாலபண்டித பரீட்சையில் இலக்கணத் தாளில் நான் தவறினேன். அடுத்த ஆண்டும் தவறினேன். என் ஆசிரியர் என்னை அழைத்து, “நீ தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்தாய், தெரியாததைத் தொடவேயில்லை” என்றார். உண்மை. தெரிந்ததைப் படிப்பது இன்பம். அதனால் நாழிகை போவது தெரியாது. தெரியாததைப் படிப்பது கல்லுடைப்பது. மறுதடவை எழுதுவோர் பலர் முதற்றடவை படித்த கொப்பிகளையே முதற் பக்கத்திலிருந்து மீண்டும் வாசிக்கின்றனர். அது நாலுமாத நெல்லை மறுபடியும் விதைப்பதாகும்.

மூன்றாம் கேள்வி: “மூன்றாந் தடவையும் கிடையாவிடின் என்ன செய்வீர்கள்?” இதைக் கேட்பது அபசகுனம் என்று சிலர் கருதுவர். இதற்கு விடை வைத்திருப்பவனே அச்சமின்றி எழுதுவான் என்பது என் அனுபவம். அவள், “தாதியியல் கிடைத்தாலும் போவன்” என்றாள். அவனிடம் விடை இல்லை.

அவனைத் தனியே அழைத்து, அவன் தந்தையாரின் வயலைப் பற்றிக் கேட்டேன். அரைமணி நேரம் பேசினான்! இரணைமடுத் தண்ணீர் எப்போது திறப்பார்கள், கபில நிறத் தத்தி எப்போது விழும், எந்த நெல் உவர் தாங்கும் என்பதெல்லாம் அவன் நுனிநாவில் இருந்தன. “பிள்ளை, உனக்கு வேண்டியது அறிவியல்நகரில் இருக்கின்றது, நீ அதைத் தோல்வி என்று நினைக்கின்றாய்” என்றேன். வன்னியிலே விவசாய விஞ்ஞானம் கற்பது எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று. அவன் பதிவு செய்துகொண்டான்.

அவள் மூன்றாந் தடவை எழுதத் துணிந்தாள். பாடசாலையை விட்டவளாதலால் தனியார் பரீட்சார்த்தியாக விண்ணப்பத்தை முன்னரே அனுப்பியிருந்தாள். பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் இடையிலேயே அடுத்த பரீட்சையின் விண்ணப்ப நாள் பெரும்பாலும் வந்துவிடுவதால், மாணாக்கர் முடிவு தெரியாமலே ஆயத்தம் செய்யவேண்டியிருக்கின்றது. சில நாள் கழித்து அவள் தன் விடைத்தாள்களை என்னிடம் கொண்டுவந்தாள். “ஐயா, விஞ்ஞானம் வேண்டாம், தமிழை மட்டும் பாருங்கோ” என்றாள்.

பல்தேர்வு வினாக்கள் ஐம்பதிலும் அவள் வல்லவள். புள்ளி போனது அமைப்புக் கட்டுரையிலும் கட்டுரையிலும். வாசித்தபோது காரணம் துலங்கிற்று. ‘இன்சுலின் குருதியில் குளுக்கோசின் செறிவு குறைகிறது’ என்று எழுதியிருந்தாள். ‘செறிவைக் குறைக்கிறது’ என்றல்லவா எழுதவேண்டும்? இரண்டாம் வேற்றுமை உருபும் பிறவினையும் ஒருங்கே போயின. எது செய்வது, எது செய்யப்படுவது என்ற தெளிவும் அவற்றோடு போயிற்று. மற்றோரிடத்தில் காரணத்தைக் காரியமாக்கியிருந்தாள். இன்னோரிடத்தில் தமிழ்நாட்டு நூலொன்றிலிருந்து ‘செல்’ என்றும், நம் பாடநூலிலிருந்து ‘கலம்’ என்றும் ஒரே விடையில் இரண்டையும் கலந்திருந்தாள். அறிவு இருந்தது, அதை ஏற்றிச் செல்லும் வாக்கியம் முடமாயிருந்தது. தன்வினை, பிறவினை, வேற்றுமை என்று நான் பத்தாம் வகுப்பிற் கற்பித்தவை விஞ்ஞான விடைத்தாளுக்கு வேண்டியவை என்பதை நானே அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளை அருகில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை வீதம் நேரம் குறித்து எழுதினாள். இரவில் எழுதியதைக் காலையில் அவளே திருத்தினாள். பின்னர் என்னிடம் வந்தாள். புதிய குறிப்பு ஒன்றையும் அவள் சேர்க்கவில்லை.

வள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். முயற்சியைச் சொன்ன உடனே இடுக்கண் வந்தாலும் உடையாதிருத்தலைச் சொன்ன வரிசையை அப்பிள்ளையைப் பார்த்தபின் மறுபடியும் எண்ணினேன். இடுக்கணும் வந்தது. 2024 நவம்பர் 25ஆம் நாள் பரீட்சை தொடங்கிற்று. இரண்டு நாளில் பெருமழையும் வெள்ளமும் நாட்டை மூடின. பரீட்சை நிறுத்தப்பட்டு, டிசெம்பர் 4ஆம் நாளே மீளத் தொடங்கியது. வீதியை வெள்ளம் மறித்த அந்நாட்களில் அவள் பரீட்சை மண்டபத்துக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டில் தங்கி, எழுதிய கட்டுரைகளையே மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள் என்று தாயார் பின்னர் சொன்னார்.

அவளுக்குப் பேராதனையில் இடம் கிடைத்தது. விடைபெற வந்தபோது மகிழ்ச்சியோடு அச்சமும் முகத்தில் இருந்தது. அங்கே கல்வி ஆங்கிலத்தில். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார் என்பதை அவளுக்குச் சொன்னேன். “அந்நியர் ஒருவர் நம் மொழியைக் கற்று நமக்கு வைத்தியம் சொன்னார். நீ அவர் மொழியைக் கற்றுத் திரும்பிவந்து நம் மொழியில் நம்மவர்க்குச் சொல்” என்றேன். “ஓம் ஐயா” என்றாள்.

இக்கட்டுரையை வெற்றிக் கதையாக முடித்தல் எளிது. ஆனால் வேறொன்றையும் சொல்லாது விடுதல் தகாது. அவள் மூன்று தடவை எழுதியதற்குக் காரணம் அவளுடைய குறை மட்டுமன்று. பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இன்றி ஒரு தவணை முழுவதும் கழித்த வகுப்பு அது. தனியார் வகுப்புக்கு விடியுமுன் பேருந்து ஏறிய ஞாயிற்றுக்கிழமைகள் பல. இடஒதுக்கீடு வாயிலைத் திறக்கும்; வாயில்வரை நடக்கும் பாதையை அது போட்டுத்தராது. ஆசிரியர், ஆய்வுகூடம், இரவில் விளக்கெரியும் ஒரு வாசிகசாலை ஆகிய இம்மூன்றும் கிராமத்துக்கு வருமாயின், மூன்றாந் தடவை எழுதுவோர் முதற்றடவையிலேயே கரையேறுவர். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் வாரம் இரண்டு நாழிகை தம் ஊர்த் தம்பி தங்கையருக்கு ஒதுக்கினாலும் பெரும் பயன் விளையும். அறிவியல்நகருக்குப் போனவன் இன்று சனி தோறும் என் திண்ணையில் அதைச் செய்கின்றான். உயிரியல் அவன் சொல்லுகின்றான். வாக்கியம் நான் திருத்துகின்றேன்.

மறுதடவை எழுதும் பிள்ளையைப் பார்த்து, “இன்னும் எழுதுகிறாயா?” என்று கேட்கும் வழக்கத்தை நம்மவர் விட்டுவிடுதல் வேண்டும். மறுவிதைப்புக்கு இறங்கும் கமக்காரனை அவ்வாறு எவரும் கேட்பதில்லை. “என்ன நெல் விதைக்கப் போகிறாய்?” என்றுதான் கேட்பார்கள்.